பிரஷ், ஷார்ட்கட், பிரீசெட்: மென்பொருள் அமைப்புகளை பேக்கப் எடுப்பது எப்படி?

ஃபோட்டோஷாப், பிளெண்டர், கிரிட்டா, பிரீமியர் போன்ற மென்பொருள்களில் வேலை செய்பவர்கள் தங்கள் படங்களையும் வீடியோக்களையும் ஓரளவு ஒழுங்காகவே பேக்கப் எடுத்து வைக்கிறார்கள். அமைப்புகள் விஷயத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்த பிறகோ புதுக் கணினிக்கு மாறிய பிறகோ மென்பொருளைத் திறந்தால், சேகரித்த பிரஷ்கள் இல்லை. தானாக ஓடுவதற்காகப் பதிவு செய்த படிகளான ஆக்‌ஷன்கள் இல்லை. கை பழகிய ஷார்ட்கட் எதுவும் சொன்னபடி கேட்கவில்லை. பேனல்கள் எல்லாம் கம்பெனி வைத்த இடத்தில் நிற்கின்றன. செய்த வேலை பத்திரமாக இருக்கிறது, அதைச் செய்த பட்டறை மட்டும் காணவில்லை.

காரணம் இதுதான்: நாம் வழக்கமாகத் தேடும் இரண்டு இடங்களிலும் இந்த அமைப்புகள் கிடையாது. வேலை ஃபைலுக்குள்ளும் இல்லை, மென்பொருளை இன்ஸ்டால் செய்த ஃபோல்டருக்குள்ளும் இல்லை. மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது. அது சாதாரணமாகக் கண்ணில் படாது.

தொடங்கும் முன் ஒன்று. ஃபைல், ஃபோல்டர், மெனு பெயர்களைக் கீழே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். தட்டச்சு செய்வதும் ஆங்கிலத்திலேயே.

மறைந்திருக்கும் ஃபோல்டர்

விண்டோஸில் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் ஆப்டேட்டா என்றொரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்று பிரிவுகள். பெரும்பாலான மென்பொருள்கள் அமைப்புகளை ரோமிங்கில் வைக்கின்றன. சில லோக்கலில் வைக்கின்றன. கிரிட்டா இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வைக்கிறது. ஆப்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, வரும் ரன் பெட்டியில் %ஆப்டேட்டா% என்று தட்டி என்டர் கொடுத்தால் நேராக ரோமிங்குக்குள் போய்விடலாம். லோக்கலுக்கு %லோக்கல்ஆப்டேட்டா%.

மேக்கில் இதே வேலையைச் செய்வது பயனரின் லைப்ரரி ஃபோல்டர். ஃபைண்டரில் கோ மெனுவைத் திறந்து ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்தால் பட்டியலில் லைப்ரரி தோன்றும். உள்ளே அப்ளிகேஷன் சப்போர்ட், பிரிஃபரன்சஸ் இரண்டும்தான் நமக்கு வேண்டியவை. லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் .கான்ஃபிக், .லோக்கல் ஃபோல்டர்கள். பெரும்பாலான ஃபைல் மேனேஜர்களில் கன்ட்ரோல்+எச் அழுத்தினால் வெளியே வரும்.

கையால் பேக்கப் எடுப்பவர் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் நகலெடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார். ஒன்டிரைவின் ஃபோல்டர் பேக்கப்பும் அந்த மாதிரி ஃபோல்டர்களைத்தான் பார்த்துக்கொள்ளும், ஆப்டேட்டாவைத் தொடாது. மேக்கின் டைம் மெஷின் மட்டும் லைப்ரரியையும் சேர்த்து எடுப்பதால், அதைப் போட்டு வைத்திருப்பவர்கள் ஓரளவு தப்பிக்கிறார்கள். வேலை ஃபைல்களை டி டிரைவில் வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் சி டிரைவை ஃபார்மட் செய்தால், ஆப்டேட்டாவும் சேர்ந்தே போய்விடும்.

எல்லா மென்பொருளும் இந்த ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இரண்டும் தங்கள் பிரீசெட்களில் (சேமித்து வைத்த அமைப்புத் தொகுப்புகளில்) பெரும்பகுதியை டாக்குமென்ட்ஸுக்குள் அடோபி என்ற ஃபோல்டரில் வைக்கின்றன. அதே கம்பெனியின் ஃபோட்டோஷாப் ரோமிங்கில் வைக்கிறது. ஒரே கம்பெனியின் மென்பொருள்களே இப்படி வெவ்வேறு இடத்தில் வைக்கின்றன என்பதால், எதையும் ஊகித்துப் போகாமல் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்ப்பதே சரி.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி காப்பாற்ற வேண்டாம்

அமைப்புகள் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு வகை கலந்து கிடக்கிறது.

முதல் வகை, நீங்கள் உருவாக்கியவை அல்லது சேகரித்தவை. பிரஷ், ஆக்‌ஷன், கிரேடியன்ட், ஸ்வாட்ச் (சேமித்த நிறங்கள்), கலர் பிரீசெட், எக்ஸ்போர்ட் பிரீசெட், ஷார்ட்கட் தொகுப்பு, வொர்க்ஸ்பேஸ் (பேனல்களை அடுக்கி வைத்த விதம்). இரண்டாவது வகை, மென்பொருள் தன் வசதிக்காக நினைவில் வைத்திருப்பவை. கடைசியாகத் திறந்த ஃபைல்கள், ஸ்கிராட்ச் டிஸ்க் (தற்காலிக ஃபைல்களை எழுதும் டிரைவ்) எது, எவ்வளவு ராம் எடுத்துக்கொள்ளலாம், எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எந்த விண்டோ எந்த மானிட்டரில் என்பதெல்லாம் இதில் அடங்கும். இதைத்தான் மெனுவில் பிரிஃபரன்சஸ் என்கிறார்கள்.

முதல் வகை கெட்டுப்போவது அரிது. பத்து வருடம் கழித்தும் ஒரு பிரஷ் ஃபைல் திறக்கும். இரண்டாவது வகை அடிக்கடி கெடும். மென்பொருள் பிரிஃபரன்ஸ் ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ கிராஷ் ஆனாலோ ஃபைல் பாதியில் நின்றுவிடும். அதன்பின் ஒரு டூல் விநோதமாக நடந்துகொள்ளும், ஒரு பேனல் வெறுமையாக வரும், சில நேரம் மென்பொருளே திறக்காது. அப்போது எல்லாரும் சொல்லும் முதல் வைத்தியம் பிரிஃபரன்ஸை ரீசெட் செய்வது. அதாவது, பிரிஃபரன்ஸ் என்பது எப்போது வேண்டுமானாலும் தூக்கி எறிய வேண்டி வரக்கூடிய பொருள்.

ஆகவே பிரீசெட்களை ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் செய்து, மென்பொருளின் ஃபோல்டருக்கு வெளியே, உங்கள் வேலை ஃபைல்கள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பிரிஃபரன்ஸுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும். புதுக் கணினியில் பத்து நிமிடத்தில் திரும்ப அமைத்துவிடலாம். பழைய ஃபைலைக் கொண்டுபோய்ப் போட்டால் பழைய கணினியின் ஸ்கிராட்ச் டிஸ்க் பாதையும் கிராஃபிக்ஸ் கார்டு கணக்கும் கூடவே வரும். ஏற்கெனவே கெட்டிருந்த ஃபைலாக இருந்தால் அந்தக் கோளாறும் வரும்.

அமைப்பு ஃபோல்டரை மொத்தமாக நகலெடுப்பதும் உண்டு. அதை இரண்டாம் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாம். ஏதாவது ஒன்றை எக்ஸ்போர்ட் செய்ய மறந்திருந்தால் அதிலிருந்து தோண்டி எடுக்க உதவும். அதை மட்டுமே நம்புவது சரியல்ல.

ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொன்றாக

ஃபோட்டோஷாப்பைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மற்றவை பெரும்பாலும் இதே தர்க்கத்தில்தான் நடக்கும்.

பிரஷ்கள்: பிரஷஸ் பேனலில் உங்கள் பிரஷ்கள் இருக்கும் குரூப்பைத் தேர்ந்தெடுங்கள். பல குரூப் வேண்டுமென்றால் கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யுங்கள். பேனலின் வலது மூலையில் உள்ள மெனுவில் எக்ஸ்போர்ட் செலக்டட் பிரஷஸ் கொடுத்தால் ஏபிஆர் ஃபைல் ஒன்று கிடைக்கும். எல்லா பிரஷ்ஷையும் ஒரே ஃபைலில் திணிக்காமல் குரூப்புக்கு ஒரு ஃபைலாக வைத்துக்கொண்டால், பிறகு தேவையானதை மட்டும் ஏற்றலாம். கிரேடியன்ட், பேட்டர்ன், ஸ்டைல், ஷேப் ஆகியவற்றுக்கும் அந்தந்த பேனலில் இதே முறைதான். ஸ்வாட்ச்சுக்கு மட்டும் இரண்டு வழி உண்டு. சாதாரண எக்ஸ்போர்ட் ஏசிஓ ஃபைல் தரும். எக்ஸ்போர்ட் ஸ்வாட்சஸ் ஃபார் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் வரும் ஏஎஸ்இ ஃபைலை இல்லஸ்ட்ரேட்டரும் இன்டிசைனும்கூடத் திறக்கும்.

ஆக்‌ஷன்கள்: புதியவர்கள் தடுமாறும் இடம் இது. ஆக்‌ஷன்ஸ் பேனலில் ஒரு ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டு மெனுவைத் திறந்தால் சேவ் ஆக்‌ஷன்ஸ் என்ற வரி மங்கலாக இருக்கும், கிளிக் ஆகாது. ஏனென்றால் தனி ஆக்‌ஷனைச் சேமிக்க முடியாது, அது இருக்கும் செட்டைத்தான் சேமிக்கலாம். ஃபோல்டர் ஐகான் உள்ள செட்டின் பெயரைக் கிளிக் செய்த பிறகு பாருங்கள், வரி உயிர்பெறும். கிடைப்பது ஏடிஎன் ஃபைல். அந்த வரியைக் கிளிக் செய்யும்போது கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்திருந்தால் ஆக்‌ஷனின் எல்லாப் படிகளையும் சாதாரண எழுத்து ஃபைலாக எழுதித் தரும். அதைத் திரும்ப ஏற்ற முடியாது, ஆனால் எந்தப் படியில் என்ன மதிப்பு கொடுத்தோம் என்று படித்துப் பார்க்கலாம். வருங்காலத்தில் ஏதோ ஒரு படி வேலை செய்யாமல் போனால் இதன் அருமை தெரியும்.

ஆக்‌ஷன் விஷயத்தில் இன்னொரு பொறி உண்டு. நீங்கள் புதிதாகப் பதிவு செய்யும் ஆக்‌ஷன்களை ஃபோட்டோஷாப் அப்போதைக்கப்போது டிஸ்கில் எழுதுவதில்லை. மென்பொருளை முறையாக மூடும்போதுதான் எழுதுகிறது. காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆக்‌ஷன் செய்து, மாலையில் கிராஷ் ஆனால், அன்று செய்தது எதுவும் மிஞ்சாது. எனவே முக்கியமான ஆக்‌ஷன் ஒன்றை முடித்தவுடன் செட்டை ஏடிஎன்னாகச் சேமிப்பது, அல்லது ஒருமுறை மூடித் திறப்பது நல்லது.

ஷார்ட்கட்: எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ். மேலே செட் என்ற இடத்தில் உங்கள் மாற்றங்களுக்குத் தனிப் பெயர் கொடுத்துச் சேமித்தால் கேஒய்எஸ் ஃபைல் உருவாகும். அந்த ஃபைலை பேக்கப் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அதே பெட்டியில் சம்மரைஸ் என்ற பட்டனும் இருக்கிறது. அழுத்தினால் எல்லா ஷார்ட்கட்டையும் பிரவுசரில் திறக்கக்கூடிய ஒரு பக்கமாகத் தரும். பெரும்பாலோர் இதைக் கவனிப்பதே இல்லை. கேஒய்எஸ் ஏற்றுவதில் சிக்கல் வந்தாலும் இந்தப் பக்கத்தைப் பார்த்துக் கையால் திரும்ப அமைத்துக்கொள்ளலாம்.

வொர்க்ஸ்பேஸ்: விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ், நியூ வொர்க்ஸ்பேஸ் என்று போய்ப் பெயர் கொடுத்துச் சேமிக்க வேண்டும். அந்தப் பெட்டியிலேயே ஷார்ட்கட், மெனு, டூல்பாரையும் சேர்த்துப் பிடிக்கும் டிக் பெட்டிகள் இருக்கும். சேமித்த ஃபைல், ரோமிங்குக்குள் அடோபி, அதற்குள் உங்கள் ஃபோட்டோஷாப் பதிப்பின் பெயர், அதற்குள் செட்டிங்ஸ், அதற்குள் வொர்க்ஸ்பேசஸ் என்ற ஃபோல்டரில் கிடக்கும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மாடிஃபைடு என்று எழுதிய இன்னொரு ஃபோல்டரும் இருக்கலாம். அது, சேமித்த பிறகு நீங்கள் இழுத்துப்போட்ட பேனல்களின் தற்காலிக நிலை. அதை எடுக்கத் தேவையில்லை.

புது வருடப் பதிப்பு வந்தால் ஃபோட்டோஷாப் தனக்கென்று புதிய செட்டிங்ஸ் ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பழையது அப்படியே இருக்கும். கிரியேட்டிவ் கிளவுடில் அப்டேட் கொடுக்கும்போது வரும் பெட்டியில், பழைய அமைப்புகளை இறக்குமதி செய்யவா, பழைய பதிப்பை நீக்கவா என்று இரண்டு கேள்வி இருக்கும். முதலாவதுக்கு டிக் போடுங்கள். இரண்டாவதை எடுத்துவிடுங்கள், புதியது சரியாக நடக்கிறது என்று சில வாரம் பார்த்த பிறகு பழையதை நீக்கிக்கொள்ளலாம். அப்படி நீக்கும்போது பிரிஃபரன்ஸை வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று கேட்கும். அவசரத்தில் நீக்கச் சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. இறக்குமதியைத் தவறவிட்டிருந்தால் எடிட் மெனுவில் பிரீசெட்ஸ், அதற்குள் மைக்ரேட் பிரீசெட்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது. பழைய பதிப்பின் ஃபோல்டர் இன்னும் டிஸ்கில் இருந்தால்தான் அது உதவும்.

லைட்ரூம்: பேக்கப் என்ற சொல்லை நம்பி ஏமாறும் இடம்

புகைப்படத் திருத்தத்துக்கான லைட்ரூம் கிளாசிக்கை மூடும்போது, கேட்டலாகை பேக்கப் எடுக்கவா என்று அதுவே கேட்கும். எடுத்தவர்கள் எல்லாம் பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த பேக்கப்பில் இருப்பது கேட்டலாக் மட்டும்தான்: எந்தப் படத்துக்கு என்ன திருத்தம், என்ன கீவேர்டு, எத்தனை நட்சத்திரம். உங்கள் படங்களும் அதில் இல்லை, டெவலப் பிரீசெட்களும் இல்லை.

பிரீசெட்கள் 2018 ஏப்ரலில் வந்த 7.3 பதிப்பிலிருந்து எக்ஸ்எம்பி ஃபைல்களாக, ரோமிங்குக்குள் அடோபி, கேமராரா, செட்டிங்ஸ் என்ற பாதையில் இருக்கின்றன. கேமரா ராவும் அதே ஃபோல்டரைத்தான் பயன்படுத்துகிறது. பாதையை மனப்பாடம் செய்ய வேண்டாம். பிரிஃபரன்சஸ் பெட்டியில் பிரீசெட்ஸ் பக்கத்துக்குப் போனால், ஷோ லைட்ரூம் டெவலப் பிரீசெட்ஸ் என்றும் ஷோ ஆல் அதர் லைட்ரூம் பிரீசெட்ஸ் என்றும் இரண்டு பட்டன்கள். இரண்டும் இரண்டு வேறு ஃபோல்டர்களைத் திறக்கும். ஃபைல் பெயர் வார்ப்புருக்கள், மெட்டாடேட்டா, எக்ஸ்போர்ட் பிரீசெட்கள் எல்லாம் இரண்டாவதில். இரண்டையும் நகலெடுங்கள்.

அதே பக்கத்தில் ஸ்டோர் பிரீசெட்ஸ் வித் திஸ் கேட்டலாக் என்றொரு டிக் பெட்டி இருக்கும். பெயரைப் பார்த்தால் பேக்கப் மாதிரி தோன்றும். டிக் போட்டவுடன் லைட்ரூம் கேட்டலாகுக்குப் பக்கத்தில் உள்ள புது ஃபோல்டரில் பிரீசெட்டைத் தேட ஆரம்பிக்கும். பழையவை அங்கே தானாகப் போவதில்லை. பட்டியல் காலியாகிவிட்டது என்று பதறுபவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். டிக்கை எடுத்தால் திரும்பி வரும்.

மற்றவை

பிரீமியரில் ஷார்ட்கட், வொர்க்ஸ்பேஸ், எஃபெக்ட் பிரீசெட் மூன்றும் டாக்குமென்ட்ஸ், அடோபி, பிரீமியர் புரோ, பதிப்பு எண், அதற்குள் புரொஃபைல் என்று தொடங்கும் ஃபோல்டரில் இருக்கும். ஷார்ட்கட்டுக்கு உள்ளே விண், மேக் என்று தனித்தனி ஃபோல்டர். கன்ட்ரோல் கீயும் கமாண்ட் கீயும் வேறு என்பதால் ஒன்றை இன்னொன்றில் போட்டு எதிர்பார்க்காதீர்கள். எக்ஸ்போர்ட் பிரீசெட்களான இபிஆர் ஃபைல்கள் இங்கே இல்லை. பக்கத்திலேயே அடோபி மீடியா என்கோடர் என்ற ஃபோல்டரில் இருக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் எஃப்எஃப்எக்ஸ் பிரீசெட்கள் யூசர் பிரீசெட்ஸ் ஃபோல்டரில்.

பிளெண்டர் இதையெல்லாம் நன்றாகவே யோசித்துச் செய்திருக்கிறது. ரோமிங்குக்குள் பிளெண்டர் ஃபவுண்டேஷன், பிளெண்டர், அதற்குள் 4.2 மாதிரி பதிப்பு எண்ணில் ஒரு ஃபோல்டர். உள்ளே கான்ஃபிக்கில் யூசர்பிரிஃப் என்ற ஃபைல் பிரிஃபரன்ஸையும், ஸ்டார்ட்அப் என்ற ஃபைல் புதுக் காட்சி எப்படித் திறக்க வேண்டும் என்பதையும் வைத்திருக்கும். ஸ்கிரிப்ட்ஸில் ஆட்-ஆன்களும் பிரீசெட்களும் இருக்கும். 4.2 முதல் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இன்னொரு ஃபோல்டரும் சேர்ந்திருக்கிறது. புதிய பதிப்பை முதல்முறை திறக்கும்போது பழைய பதிப்பின் அமைப்புகளைக் கொண்டுவரவா என்று அதுவே கேட்கும். ஷார்ட்கட்டை மட்டும் தனியாக வைக்க பிரிஃபரன்சஸில் கீமேப் பக்கத்தில் எக்ஸ்போர்ட் கொடுங்கள், ஒரு பைதான் ஃபைல் வரும். இங்கே கவனிக்க வேண்டியது அசெட் லைப்ரரி (மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைத்தவற்றின் தொகுப்பு): அது எங்கே இருக்கிறது என்ற பாதைதான் பிரிஃபரன்ஸில் இருக்கும். லைப்ரரி பொதுவாக டாக்குமென்ட்ஸுக்குள் பிளெண்டர், அசெட்ஸ் என்ற ஃபோல்டரில் தனியாக இருக்கும். அதையும் எடுக்க வேண்டும்.

கிரிட்டாவில் பிரஷ்கள் ரோமிங்கின் கிரிட்டா ஃபோல்டரில் இருக்க, பிரிஃபரன்ஸான கிரிட்டாஆர்சி லோக்கலில் இருக்கிறது. செட்டிங்ஸ் மெனுவில் மேனேஜ் ரிசோர்சஸ், ஓப்பன் ரிசோர்ஸ் ஃபோல்டர் என்று போனால் சரியான இடம் திறக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இன்ஸ்டால் செய்திருந்தால் இந்தப் பாதைகள் எதுவும் பொருந்தாது. எல்லாம் லோக்கலில் பேக்கேஜஸ் என்ற ஃபோல்டருக்குள் அடைபட்டிருக்கும். பிரஷ்களைப் பண்டிலாகக் கட்டி வைப்பதுதான் வசதி. ஒரு கேபிபி பிரஷ் தன் முனைப்படத்துக்கும் டெக்ஸ்சருக்கும் வேறு ஃபைல்களை நம்பியிருக்கலாம், ஆகவே பண்டில் செய்யும்போது அந்த முனைகளையும் பேட்டர்ன்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பிரஷ் பெயர் வந்து, கோடு மட்டும் தட்டையாக விழுகிறது என்றால் விடுபட்டது பெரும்பாலும் அதுதான்.

கிம்ப்பில் ரோமிங்கின் கிம்ப் ஃபோல்டருக்குள் 2.10, 3.0 என்று பதிப்புவாரியாகப் பிரிந்திருக்கும். 3.0 முதல்முறை திறக்கும்போது பழையதிலிருந்து நகலெடுத்துக்கொள்ளும், பழையதை அழிக்காது.

டாவின்சி ரிசால்வ் வேறு மாதிரி. உங்கள் பவர்கிரேடுகள் (சேமித்து வைத்த நிறத் திருத்தங்கள்) புராஜெக்ட் லைப்ரரிக்குள் இருக்கின்றன. முன்பு அதற்கு டேட்டாபேஸ் என்று பெயர். புராஜெக்ட்டை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து புதுக் கணினிக்குக் கொண்டுபோனால் பவர்கிரேடு வராது. புராஜெக்ட் மேனேஜரில் லைப்ரரியையே பேக்கப் கொடுக்க வேண்டும். நிறங்களை மாற்றித் தரும் எல்யூடி ஃபைல்கள் தனி. புராஜெக்ட் செட்டிங்ஸில் கலர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ஓப்பன் எல்யூடி ஃபோல்டர் பட்டன் அதன் இடத்தைக் காட்டும்.

ஐபேடில் புரோகிரியேட் பயன்படுத்துகிறவர்கள் ஆப்பை நீக்கினால் பிரஷ்களும் படங்களும் சேர்ந்து அழியும். பிரஷ் செட்டைப் பகிர்ந்து பிரஷ்செட் ஃபைலாக ஃபைல்ஸ் ஆப்பிலோ கணினியிலோ வைத்துவிடுங்கள். ஒலித் தொகுப்புக்கான ரீப்பரில், பிரிஃபரன்சஸின் ஜெனரல் பக்கத்தில் எக்ஸ்போர்ட் கான்ஃபிகரேஷன் என்ற ஒரே பட்டன் எதையெதைச் சேர்க்கவேண்டும் என்று கேட்டு, ஒரே ஃபைலாகக் கட்டித் தருகிறது. எல்லா மென்பொருளும் இப்படி இருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

ஃபோல்டரை மொத்தமாக நகலெடுக்கும்போது

மென்பொருளை மூடிவிட்டு நகலெடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்தால் பாதி எழுதிய ஃபைல் கிடைக்கலாம், அல்லது இன்று செய்த மாற்றம் இன்னும் டிஸ்குக்கே வந்திருக்காது. திரும்பப் போடும்போது இது இன்னும் முக்கியம். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய ஃபைலை உள்ளே போட்டால், மூடும் நேரத்தில் மென்பொருள் தன் நினைவில் இருப்பதை அதன்மேல் எழுதிவிடும். போட்டதே தெரியாமல் போய், பேக்கப் சரியில்லை என்று பழியை அதன்மேல் போடுவோம்.

ரோமிங்கை முழுசாக அள்ளாதீர்கள். அடோபியின் காமன் ஃபோல்டரில் பிரீமியரின் மீடியா கேஷ் உட்கார்ந்திருக்கும். வீடியோ வேலை செய்கிற கணினியில் அது பல ஜிபிக்கு வளர்ந்துவிடும். தேவைப்படும்போது மென்பொருளே திரும்ப உருவாக்கிக்கொள்ளும் சரக்கு அது. கேஷ், டெம்ப், லாக் என்று பெயர் உள்ள எதையும் விட்டுவிடலாம். அமைப்புகள் மட்டும் என்றால் பொதுவாகச் சில எம்பிதான். படங்களை உள்ளடக்கிய பிரஷ் தொகுப்புகள்தான் நூற்றுக்கணக்கான எம்பி வரை போகும்.

பேக்கப் ஃபோல்டரின் பெயரில் தேதி, மென்பொருளின் பதிப்பு, விண்டோஸா மேக்கா என்ற மூன்றும் இருக்கட்டும். 2025-03 ஃபோட்டோஷாப் 26 விண்டோஸ் என்று இருந்தால், பிறகு பார்க்கும்போது எதை எதில் போடலாம் என்று தெரியும். ஏபிஆர், ஏடிஎன் மாதிரி எக்ஸ்போர்ட் ஃபைல்கள் விண்டோஸிலிருந்து மேக்குக்கும் போகும். பிரிஃபரன்ஸ் ஃபைல் போகாது. பழைய பதிப்பில் எடுத்ததைப் புதியதில் ஏற்றலாம். தலைகீழாகச் செய்தால் பல நேரம் மறுத்துவிடும்.

கிளவுட் சிங்க்கை பேக்கப் என்று நினைப்பது இன்னொரு குழப்பம். எக்ஸ்போர்ட் செய்த ஃபைல்களை டிராப்பாக்ஸிலோ கூகுள் டிரைவிலோ வைப்பது நல்லதுதான். மென்பொருள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் அமைப்பு ஃபோல்டரையே சிங்க்கில் இணைத்து இரண்டு கணினியில் ஓட்டுவது வேறு விஷயம். இரண்டும் ஒரே ஃபைலில் எழுத முயலும், மோதல் நகல்கள் குவியும், ஒரு கணினியில் தெரியாமல் அழித்த பிரஷ் செட் அடுத்த நிமிடம் இன்னொன்றிலும் அழியும்.

எப்போது எடுப்பது? தினமும் தேவையில்லை. பெரிய பதிப்பு மாற்றத்துக்கு முன், விண்டோஸ் மறு இன்ஸ்டாலுக்கு முன், அமைப்புகளில் நிறைய மாற்றம் செய்த நாளில். இந்த மூன்றும் போதும்.

தனியாக எடுத்து வைக்க வேண்டியவை

எந்த எக்ஸ்போர்ட்டிலும் வராத சில உண்டு. ஃபான்ட், பிளக்-இன், எல்யூடி, பிரிண்டருக்கான ஐசிசி புரொஃபைல் (நிறம் சரியாக அச்சாக உதவும் ஃபைல்). ஃபான்ட்களுக்கு ஒரு தனி ஃபோல்டர் போட்டு மூல ஃபைல்களை வையுங்கள். பிளக்-இன் ஃபோல்டரை நகலெடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை. ரெஜிஸ்ட்ரி, லைசென்ஸ் என்று பல இடத்தில் அது வேரூன்றியிருக்கும். இன்ஸ்டாலர் ஃபைலையும் லைசென்ஸ் எண்ணையும் வையுங்கள். ஒன்றிரண்டு கணினியில் மட்டும் இயங்கும் லைசென்ஸ் என்றால், ஃபார்மட் செய்வதற்கு முன்பே பழைய கணினியில் டீஆக்டிவேட் செய்ய மறக்காதீர்கள். மறந்துவிட்டால் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதுதான் வழி.

திரும்பப் போடும் வரிசை

மென்பொருளை இன்ஸ்டால் செய்து ஒருமுறை திறந்து மூடுங்கள். அப்போதுதான் அமைப்பு ஃபோல்டர்களே உருவாகும். அடுத்து ஃபான்ட்கள், பிறகு பிளக்-இன்கள். அதன்பின் பிரஷ், ஆக்‌ஷன் போன்ற பிரீசெட்கள், ஷார்ட்கட். வொர்க்ஸ்பேஸ் கடைசியில், ஏனென்றால் பிளக்-இன்னின் பேனல் இன்னும் வராத நிலையில் வொர்க்ஸ்பேஸை ஏற்றினால் அந்த இடம் விடுபட்டுப்போகும். இரண்டு மானிட்டரில் அமைத்த வொர்க்ஸ்பேஸை ஒரே மானிட்டரில் திறந்தால் சில பேனல்கள் திரைக்கு வெளியே போய் நிற்கலாம். மென்பொருளோடு வரும் ஏதாவது ஒரு வொர்க்ஸ்பேஸுக்கு மாறி ரீசெட் கொடுத்துவிட்டு, அங்கிருந்து புதிதாக அடுக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

பிரிஃபரன்ஸ் கெட்டுப்போய் ரீசெட் செய்ய வேண்டி வந்தால், செட்டிங்ஸ் ஃபோல்டரை அழிக்காமல், மென்பொருளை மூடிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றுங்கள். கடைசியில் பழையது என்று சேர்த்தால் போதும். மென்பொருள் திறக்கும்போது புதிய ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ளும். கோளாறு போய்விட்டால் காரணம் அதுதான் என்று உறுதியாகும், பிரீசெட்களை எக்ஸ்போர்ட் ஃபைல்களிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். போகவில்லை என்றால் காரணம் வேறு. பழைய பெயரைத் திரும்பக் கொடுத்தால் எல்லாம் முன்பு இருந்தபடியே வரும்.

எடுத்த பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு கணினி தேவையில்லை. அமைப்புகள் பயனர் கணக்குக்குள் இருப்பவை என்பதால், அதே கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி உள்ளே போனால், அங்கே மென்பொருள் புத்தம் புதியதாகத் திறக்கும். எக்ஸ்போர்ட் ஃபைல்களை அங்கே ஏற்றி, ஒரு பிரஷ்ஷால் கோடு போட்டு, நீளமான ஆக்‌ஷன் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஆக்‌ஷன் நடுவில் நின்றால் எந்தப் படியில் நின்றது என்று விரித்துப் பாருங்கள். ஓப்பன் அல்லது சேவ் படியாக இருந்தால் உங்கள் பழைய கணக்கின் ஃபோல்டர் பாதை அதில் பதிந்திருக்கும். ஒரு பொருள் கிடைக்கவில்லை என்று சொன்னால், அந்த ஆக்‌ஷன் நம்பியிருந்த பேட்டர்னோ டூல் பிரீசெட்டோ ஸ்டைலோ இன்னும் எக்ஸ்போர்ட் ஆகவில்லை. பழைய கணக்குக்குத் திரும்பி அதையும் எடுத்து பேக்கப் ஃபோல்டரில் சேர்த்துவிட்டு, சோதனைக் கணக்கை நீக்கிவிடலாம்.